கோடு போடாத இரண்டு வரிகள்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்புறம் யாரும் வந்து என்னைக் கேள்வி கேட்கக் கூடாது.

மூவாரில் ஓய்வுபெற்ற தாதியர் சிலர் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். தொகுப்பவர் ஜெயபாலன் சார். நாற்பது வருஷம் ஆண் தாதியாக வேலை பார்த்தவர். இப்போது வீட்டில் மீன் வளர்க்கிறார், மிச்ச நேரத்தில் எனக்குப் போன் போடுகிறார். ‘தாதியர் தொழிலின் வளர்ச்சியும் முக்கியக் கடமைகளும்’ என்று ஐந்து பக்கம் வேண்டுமாம். முதலில் வரலாறு, நடுவில் கடமைகள், கடைசியில் கொஞ்சம் உருக்கம். உருக்கம் எவ்வளவு சார் என்று கேட்டேன். அரைப் பக்கம் போதும் என்றார்.

நான் தாதி இல்லை. பெயர் வலேரி. செனாயில் ஒரு தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் நாள் முழுக்கப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறேன். விடுமுறை நாளில் கதை எழுதுகிறேன். ஆனால் என் அண்ணன் திமோத்தியின் மனைவி வினிஃப்ரெட் தாதி. மூவாரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு சிஸ்டர், அதாவது ஒரு வார்டுக்கே பொறுப்பு. முப்பத்து நாலு வருஷ அனுபவம். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது எனக்கென்ன குறை, இரண்டு மணி நேரம் பேச்சுக் கொடுத்தால் ஐந்து பக்கம் தானாக விழும் என்று நினைத்தேன். என் நினைப்பில் மண் விழுந்தது.

(மருத்துவமனையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்குள்ள ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். அண்ணியின் பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, கையெழுத்துப் போட்டவள் நான்தானே, எதற்கு மாற்றுகிறாய் என்றார்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

[அடித்தது: கையில் விளக்கோடு நோயாளிகளிடையே நடந்த அந்தச் சீமாட்டியின் காலடியில் முளைத்த தாதியர் தொழில், இன்று ஆலமரமாய்க் கிளை பரப்பி — வ., சனி, காலை 10.20]

ஆலமரம் வந்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. அந்த அம்மா விளக்கைப் பிடித்த நேரத்தைவிடப் பேனாவைப் பிடித்த நேரம்தான் அதிகம் என்று எங்கோ படித்திருக்கிறேன். யார், எப்போது, எதனால் இறந்தார்கள் என்று எழுதி எழுதியே பெரிய மனிதர்களை வழிக்குக் கொண்டுவந்தாராம். அதைச் சொன்னால் ஜெயபாலன் சாருக்கு உருக்கம் குறையும்.

இரண்டாவது:

[அடித்தது: செடெனாக் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் வைத்ததுதான் சட்டம். புண் கழுவுவது, பிரசவம் பார்ப்பது, செத்தவரைக் குளிப்பாட்டுவது எல்லாம் கிருஷ்ணம்மா. ஆனால் ஆள் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘கூட்டுகிறவள்’ என்றிருந்தது — வ., சனி, காலை 11.05]

இதை அடிக்க மனசே வரவில்லை. தாதி என்ற பெயர் வருவதற்கு முன்னாலேயே தாதி வேலையைச் செய்தவர்கள் அப்படித்தான் இருந்திருப்பார்கள். ஆனால் கிருஷ்ணம்மா என்று ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு பட்டியலையும் பார்த்ததில்லை. கேட்டால் கதைதானே என்பேன். அது நேற்றுவரை நல்ல பதிலாக இருந்தது.

(அடித்த வரிகளை ஏன் இப்படி நேரத்தோடும் பெயரோடும் உங்கள் கண்ணில் படும்படி விட்டிருக்கிறேன் என்பது அடுத்த பகுதியில் வரும்.)

3

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூவாருக்குப் போனேன். அண்ணன் இலையில் பொதிந்து சுடும் மீன் பலகாரமான ஓத்தாக் ஓத்தாக் வாங்கக் கிளம்பிப் போனார். அண்ணி சமையலறை மேசையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் பக்கங்களை வாங்கிப் படித்தார். விளக்குச் சீமாட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தில் நான் வெள்ளை மை தடவி மேலே எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டார். தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது என்னா வலேரி? கீழ என்னா இருந்துச்சு?”

ஒன்றுமில்லை அண்ணி, ஒரு தப்பு வார்த்தை என்றேன்.

“தப்போ சரியோ, அது எனக்குத் தெரியணுமில்ல? வார்டுல வெள்ளை மை கையில வச்சிருந்தாலே மேட்ரன் தோல உரிச்சிடுவாங்க. ஒரே ஒரு கோடு போடு. கீழ இருக்கிறத படிக்க முடியணும். பக்கத்துல பேரு, நேரம். அவ்வளவுதான் லா.”

வரிசையாக மற்ற விதிகளையும் சொன்னார். பார்த்ததை மட்டும் எழுது. அவர் கோபமாக இருந்தார் என்று எழுதாதே, தட்டைத் தள்ளிவிட்டார் என்று எழுது. ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவில் வெற்று வரி விடாதே, விட்டால் பிறகு யாராவது எதையாவது நுழைக்கலாம். பக்கம் முடிந்தால் மிச்ச இடத்தில் குறுக்கே கோடு போட்டு மூடு. எழுத மறந்துவிட்டாயா, ‘தாமதப் பதிவு’ என்று தலைப்புப் போட்டு, எழுதுகிற நாளையும் நேரத்தையும் உள்ளபடி போட்டுக் கடைசியில் எழுது. எழுதாதது எதுவும் செய்யாத கணக்குதான்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதையே கட்டுரையாக்கிவிடலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டே தலை நிமிர்ந்தால், அண்ணி எழுந்துபோய் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பைகளை மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்ன அண்ணி என்று கேட்டேன். ஆறு வாரமாக வீட்டில் யாரிடமும் சொல்லாததை, குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து, எனக்குச் சொன்னார்.

கட்டுரை அந்த இடத்தில் படுத்துவிட்டது. இனி வருவது கதை. ஆனால் அண்ணி ஒரு நிபந்தனை போட்டார். அவருடைய விதிப்படி எழுத வேண்டும்.

4

அன்று செவ்வாய்க்கிழமை. வினிஃப்ரெட்டின் வார்டில் காளிதாஸ் என்ற லாரி ஓட்டுநர் படுத்திருந்தார். அறுபத்து நாலு வயது. முந்தைய நாள் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். காலையிலிருந்து வார்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர். ஊசி போட வந்தவர்களிடம், என் லாரிக்குக்கூட இவ்வளவு ஓட்டை இல்லை மிஸ்ஸி என்றார். (எங்கள் பக்கம் வயதானவர்கள் தாதியை இன்னும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இத்தனை வளர்ச்சிக்குப் பிறகும் அந்தச் சொல் போகவில்லை. போக வேண்டாம் என்கிறார் அண்ணி.)

அவரைப் பார்த்துக்கொண்டவர் பிரேமலா. நாற்பத்தொரு வயது. வினிஃப்ரெட்டும் அவரும் பதினாறு வருஷமாக ஒரே வார்டு. மதியச் சாப்பாடு ஒரே டப்பா. தீபாவளி முறுக்கு இங்கே வரும், கிறிஸ்மஸ் கேக் அங்கே போகும். வார்டுக்குள் ‘சிஸ்டர்’, வாசலைத் தாண்டினால் ‘அக்கா’. இந்த எல்லையை பிரேமலா ஒருநாளும் மீறியதில்லை.

இங்கே ஜெயபாலன் சாருக்காக ஒரு பத்தி வரலாறு. ஒரு காலத்தில் டாக்டர் வார்டுக்குள் நுழைந்தால் தாதிகள் எழுந்து நிற்க வேண்டும். அவர் சொன்னதைச் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. அப்புறம் மூன்று வருஷப் படிப்பு வந்தது, பதிவு வந்தது, வருஷா வருஷம் புதுப்பிக்கிற தொழில் சான்றிதழ் வந்தது, பட்டம் வந்தது. தலையிலிருந்த தொப்பி போனது. இன்றைக்குத் தாதி டாக்டரின் கையாள் இல்லை. நோயாளியோடு எட்டு மணி நேரம் இருப்பவள் அவள்தான், முதலில் பார்ப்பவளும் அவள்தான், தேவைப்பட்டால் டாக்டரிடமே வாதாட வேண்டியவளும் அவள்தான். நிற்கிற பழக்கம் மட்டும் சிலரிடம் தங்கிவிட்டது. பிரேமலா அதில் ஒருத்தி. போனில் டாக்டரிடம் பேசும்போதுகூட நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார். சமையற்கட்டு, மருந்துக்கூடம், ஆய்வுக்கூடம் என்றால் உட்கார்ந்தபடி. சின்ன வயசுத் தாதிகள் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவார்கள்.

வரலாறு முடிந்தது. பிரேமலாவின் கையெழுத்தில் அன்றைய அறிக்கை இப்படி இருந்தது:

11.40. நாடி 112. ரத்த அழுத்தம் 104/60. கை சில்லென்று இருக்கிறது. கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறார்.

12.30. நாடி 124. ரத்த அழுத்தம் 92/56. டூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. டிரிப்பை வேகப்படுத்திக் கவனிக்கச் சொன்னார்.

1.10. நாடி 136. ரத்த அழுத்தம் 80/50. டூட்டி டாக்டர் அவசரப் பிரிவில். அறுவை நிபுணருக்கு நேரடியாகத் தெரிவிக்கப்பட்டது.

ஒன்று நாற்பதுக்குக் காளிதாஸை மறுபடி அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. பிழைத்துக்கொண்டார். பிரேமலா யாரையும் கேட்காமல், நடுவில் இருந்த டாக்டரைத் தாண்டி, தன் கிளினிக்கில் இருந்த நிபுணரை இழுத்து வந்திராவிட்டால் பிழைத்திருக்க மாட்டார். அதை அந்த நிபுணரே சொன்னார். ஆனால் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. இப்போது வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. லாரியை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டார்.

5

ஒன்பது நாள் கழித்து அவருடைய மகன் வசந்தன் புகார் கொடுத்தான். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பதினொன்று நாற்பதுக்கே அப்பாவின் கை சில்லென்று இருந்ததாக உங்கள் தாளிலேயே இருக்கிறது, பன்னிரண்டரை வரைக்கும் யாரிடமும் சொல்லாமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

பிரேமலா சொன்னது: நான் பதினொன்று நாற்பத்தைந்துக்கே டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். அரை மணியில் வந்து பார்க்கிறேன் என்றார்.

டூட்டி டாக்டர் சொன்னது: எனக்கு முதல் அழைப்பு பன்னிரண்டரைக்குத்தான்.

வார்டு போன் உள் இணைப்பு. யார் யாரை எப்போது கூப்பிட்டார்கள் என்று அதில் ஏறாது. ஏற வேண்டியது தாளில்தான். தாளில் பதினொன்று நாற்பதுக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் ஒரே ஒரு வெற்று வரி இருந்தது.

வரி விடக் கூடாது என்று மாணவியாகச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தருவார்கள். எல்லாரும் விடுவார்கள். டாக்டர் வந்து பார்த்ததும் இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று ஒரு வரி விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவார்கள். டாக்டர் வருவார், எழுதுவார்கள். ஆயிரத்தில் ஒரு நாள் டாக்டர் வர மாட்டார்.

ஜெயபாலன் சார் கேட்ட கடமைகளை இங்கேயே முடித்துவிடுகிறேன்: கவனிப்பது, எழுதுவது, சொல்ல வேண்டியவரிடம் சொல்வது, நோயாளிக்காக நிற்பது. பிரேமலா அன்று முதலாவதையும் நாலாவதையும் யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்தார். இரண்டாவதில் ஒரு வரியை விட்டார். அதனால் மூன்றாவதைச் செய்தாரா என்பதே கேள்வியாகிவிட்டது. செய்யவில்லை என்று முடிவானால் வேலை போகும். அதோடு நிற்காது. பதிவையும் சான்றிதழையும் ரத்து செய்யச் சொல்லி எழுதிப்போடுவார்கள். அப்புறம் எந்த வார்டிலும் கால் வைக்க முடியாது.

புகார் வந்த அன்று மாலை நாலு மணிக்குள் காளிதாஸின் அறிக்கைத் தாள் இருந்த கோப்பை உறையில் போட்டுத் தன் அறைக்குக் கொண்டுவரும்படி, மருத்துவமனையின் தாதியர் தலைவியான மேட்ரன், வினிஃப்ரெட்டிடம் சொன்னார். மணி மூன்று அடித்தது. வினிஃப்ரெட் துணி அடுக்கும் அறையில் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிரேமலா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“அக்கா, ரெண்டு நிமிஷம் குடுங்க. அதே பேனா என்கிட்ட இருக்கு.”

வார்டுக்குள் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

“நான் பொய்யா எழுதப் போறேன்? கூப்பிட்டேன் அக்கா. கூப்பிட்டத எழுதப் போறேன். அந்த எடம் அதுக்குத்தானே விட்டேன்.”

6

இனிமேல்தான் எனக்கும் அண்ணிக்கும் சண்டை.

அந்தச் சமையலறை மேசையிலேயே நான் எழுதியது:

[அடித்தது: வினிஃப்ரெட்டுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருந்தது. ‘டாக்டர், பதினோராம் கட்டில், கை சில்லென்று இருக்கிறது, வந்து பாருங்கள்’ என்று பிரேமலா போனில் கெஞ்சியதை அவர் கேட்டிருந்தார் — வினிஃப்ரெட், ஞாயிறு, மாலை 5.15]

கோட்டைப் போட்டவர் அண்ணி. கையெழுத்தும் அவருடையது. நான் கேட்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

அப்படியானால் என்ன பார்த்தீர்கள் என்று மடக்கினேன். மருந்து அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தாராம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாராம், பதினொன்று நாற்பத்தைந்து. பிரேமலா வார்டு முகப்பு மேசையருகே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாராம். அதே நேரம் இரண்டாம் கட்டில் குடும்பம் எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று பிடித்துக்கொண்டது. அவர்களோடு போய்விட்டார்.

நின்றாரா!  அது போதுமே அண்ணி, டாக்டரிடம் பேசினால் மட்டும்தானே அவர் நிற்பார், கதை முடிந்ததே என்று குதித்தேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் உட்கார்ந்துவிட்டேன். நின்றார் என்பதுதான் அவர் கண்டது. டாக்டரிடம் பேசினார் என்பது அவருடைய நினைப்பு. அன்றைக்கு நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தாலும் நின்றிருப்பார்.

கதாசிரியருக்குச் சந்தேகம் வரக் கூடாதா? எனக்கு அன்று இரவு வந்தது. பிரேமலா கூப்பிடவே இல்லையென்றால்? ஆய்வுக்கூடத்தைக் கூப்பிட்டுவிட்டு, பயத்தில், கூப்பிட்டதாகத் தானே நம்பிவிட்டால்? ஒன்பது நாள் தூங்காமல் ஒன்றையே நினைத்தால் எதுவும் நடந்ததாகத் தோன்றும். நான் உண்டாக்கிய ஆள்தானே, எனக்கு உண்மை தெரிய வேண்டாமா என்று பேனாவைத் தூக்கினேன். தெரியவில்லை. நான் உண்டாக்கவில்லை என்பதுதான் காரணம். பெயரை மட்டும்தான் மாற்றினேன்.

எனக்கு பிரேமலாவைப் பிடிக்கும். அவர் கூப்பிட்டார் என்றுதான் நம்புகிறேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்து வைத்தேன் என்று வரக் கூடாது.

7

துணி அறைக்குத் திரும்புவோம். வினிஃப்ரெட்டின் கையில் கோப்பு, பிரேமலாவின் கையில் பேனா.

கொடுத்துவிடத்தான் முதலில் தோன்றியது. யாருக்கு என்ன நஷ்டம்? நடந்ததை நடந்த இடத்தில் எழுதுகிறாள். அதே மை, அதே கை. பதினாறு வருஷத்தில் ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்தவள் இல்லை. எதிரே நிற்பவள் அழவில்லை, அழுதிருந்தால் சமாளித்திருக்கலாம்.  அப்போது காளிதாஸ் நினைவுக்கு வந்தார். அந்த ஐம்பது நிமிஷத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அந்த மனிதருக்கு உரிமை உண்டு. ஒன்பது நாள் கழித்து நிரப்பிய வரியைக் காட்டி, அன்றைக்கே எழுதியது என்று அவரை நம்பவைப்பதா?

வினிஃப்ரெட் கோப்பை அலமாரித் தட்டில் வைத்துத் திறந்தார். சட்டைப்பையிலிருந்து சின்ன அடிமட்டத்தை எடுத்தார். அந்த வெற்று வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் தன் பெயர், அன்றைய தேதி, 3.10.

பிரேமலா பேனாவுக்கு மூடியைப் போட்டார்.

“கீழ பாரு பிரேமா. பக்கத்தோட கடைசியில ரெண்டு வரி இருக்கு. ஆள அறுவை அறைக்கு அனுப்பினப்பவே நான் அத மூடியிருக்கணும். மூடல. இப்பவும் மூட மாட்டேன். தாமதப் பதிவுன்னு போட்டு, இன்னிக்கு தேதி போட்டு, நடந்தத எழுது.”

“ஒம்பது நாளு கழிச்சு எழுதினா யாரு நம்புவா?”

வினிஃப்ரெட் கோப்பை முகப்பு மேசையில் வைத்துவிட்டு, பேனா ஒன்றை மேலே வைத்துவிட்டு, ஆறாம் கட்டிலுக்குப் புண் கட்டப் போனார். வழக்கமாகப் பத்து நிமிஷ வேலை. அன்று அரை மணிக்கு மேல் ஆனது. படுத்திருந்த பெண்மணியே, போதும் மிஸ்ஸி, புண் சின்னதுதான் என்றாராம்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது திரும்பி வந்தார். கோப்பு மூடியிருந்தது. பேனா மேசையில் வேறு பக்கம் கிடந்தது. பிரேமலா பாதி திரும்பி நின்று மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எடுத்துப் போகட்டுமா என்று வினிஃப்ரெட் கேட்டார்.

“சரி சிஸ்டர்.”

வினிஃப்ரெட் கோப்பைத் திறக்காமலே உறையில் போட்டு ஒட்டினார்.

8

பார்க்கவே இல்லையா என்று அண்ணியை மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கோபம் வந்துவிட்டது.

“மறுநாளு என் அறிக்கைய நான் எழுதணும் வலேரி. அவ எழுதினத படிச்சிட்டா, அப்புறம் நான் பாத்தது எது, படிச்சது எதுன்னு எனக்கே தெரியாம போயிடும்.”

முப்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு இது தெரியாது. நான் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுத உட்காருவேன்.

வினிஃப்ரெட்டின் அறிக்கை ஆறு வாக்கியம். நகலை எனக்குக் காட்டவில்லை, வாயால் சொன்னார். பதினொன்று நாற்பத்தைந்துக்குத் தாதி பிரேமலா முகப்பில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். என்ன பேசினார், யாரிடம் பேசினார் என்பதை நான் கேட்கவில்லை. அவர் டாக்டர்களிடம் பேசும்போது நிற்பதையும் மற்றவர்களிடம் பேசும்போது உட்கார்ந்திருப்பதையும் பதினாறு ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். வெற்று வரியில் கோடு போட்டவள் நான்.

கடைசி இரண்டு வாக்கியங்களைச் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “வார்டு சிஸ்டர் என்ற முறையில், என்ன விஷயம் என்று அவரிடம் அப்போதே கேட்டிருக்க வேண்டியது என் கடமை. நான் கேட்கவில்லை.”

வாசித்துவிட்டு மேட்ரன், இது உங்களுக்கு வேண்டாத வம்பு, கடைசி இரண்டையும் எடுத்துவிடலாமே என்றாராம். எடுப்பதென்றால் கோடு போட்டுத்தான் எடுக்க வேண்டும், படித்தால் தெரியும் என்றாராம் அண்ணி. ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம். அதற்குள் தனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வேறொன்றைச் சொல்லும்போதுதான் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மறுபடி துடைத்தார். பிரேமலாவை வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். போன வாரம் காய்கறிச் சந்தையில் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்களாம். அங்கேயும் அவர் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டாராம்.

9

விசாரணை வருகிற வியாழக்கிழமை. மலருக்கு நான் கொடுக்க வேண்டிய நாள் புதன். ஜெயபாலன் சார் ஒரு நாள்கூடத் தள்ள மாட்டேன் என்கிறார். ஆகவே என்னிடம் முடிவு இல்லை. இல்லாதபோது எழுதுகிறவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன், மூன்று முடிவு எழுதினேன்.

[அடித்தது: விசாரணைக் குழு தாமதப் பதிவை ஏற்றுக்கொண்டது. பிரேமலா கண்ணீரோடு ‘அக்கா’ என்று ஓடிவந்து — வ., திங்கள், மாலை 6.40]

[அடித்தது: கோப்பைத் திறந்தார்கள். கடைசி இரண்டு வரிகளும் வெறுமையாக இருந்தன. வினிஃப்ரெட் தலை — வ., திங்கள், மாலை 7.05]

[அடித்தது: டூட்டி டாக்டர் திடீரென்று எழுந்தார். ‘மன்னியுங்கள், இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஆமாம், கூப்பிட்டார்’ — வ., திங்கள், மாலை 7.30]

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. அண்ணிக்கு போனில் படித்துக் காட்டினேன். அந்த டாக்டர் நல்ல பிள்ளை என்றார். அன்றைக்கு நாற்பது அழைப்பு வந்திருக்கும், பொய் சொல்கிற ஆள் இல்லை, மறந்திருக்கலாம், அழைப்பே வராமலும் இருந்திருக்கலாம். மறந்ததை ஞாபகப்படுத்த நீ யார் என்று கேட்டார். மூன்றையும் அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சாயந்திரம் மறுபடி மூவாருக்குப் போய், இந்தப் பக்கங்களை அண்ணியிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். இரண்டு இடத்தில் நேரத்தைத் திருத்தினார். கடைசிப் பக்கம் வந்ததும், அவர் கை பழக்கத்தில் மேசை இழுப்பறைக்குள் போய் அடிமட்டத்தை எடுத்தது. என் கடைசி வாக்கியத்துக்குக் கீழே வெள்ளையாகக் கிடந்த இடத்தில் சாய்வாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இத யாருக்கு விட்டிருக்கே?”

படிக்கிறவர்களுக்கு என்றேன்.

“அவங்க ஒண்ணும் பாக்கலயே.”

நானும்தான் பார்க்கவில்லை அண்ணி என்றேன். நீங்களும் அந்த உறைக்குள் பார்க்கவில்லை.  வெளியே அண்ணனின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அண்ணி அடிமட்டத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

“அப்ப வெள்ளை மை வேணாம்னு சொல்லு. எழுதினா பேரு போடச் சொல்லு.”

சொல்லிவிட்டேன். இப்போது உங்களுக்கும் நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கிறது. கோப்பு மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. பிரேமலா பதினொன்று நாற்பத்தைந்துக்கு யாரைக் கூப்பிட்டார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

தாமதப் பதிவு. தேதி: ............ நேரம்: ............

............................................................................

............................................................................ பெயர்: ............